மாலை வகுப்பும் மனநிறைவும்: ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்தது

பின்னணி

கொரோனாவுக்குப் பிந்தைய கல்வியாண்டு ஒன்றில், தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்தது இது. பேரூராட்சி அளவிலான ஊர். 6 முதல் 12 வரை இருபாலரும் படிக்கும் பள்ளி. ஊர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய பாதி, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் மீதி. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் நிரந்தரப் பணியில் இருந்தார்கள். காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர்கள் சிலர்.

ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பள்ளியின் மனநிறைவுச் சராசரி மதிப்பெண்களையும் எண்ணாகத் தரவில்லை. அங்கிருந்த ஆசிரியர்கள் முப்பது சொச்சம் பேர்தான். அதற்குள் ஒரு சிறு பிரிவின் சராசரியைச் சொன்னால், யாரைப் பற்றிய பேச்சு என்று ஊர் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும்.

எங்களை அழைத்தவர் தலைமையாசிரியர். நாங்கள் ஒரு கல்லூரியின் உளவியல் துறையைச் சேர்ந்த சிறு குழு. காலாண்டுத் தேர்வு முடிந்த நேரம். மூத்த ஆசிரியர்கள் இருவர் அடுத்தடுத்து மருத்துவ விடுப்பில் போயிருந்தார்கள். பிளஸ் டூ மாணவர்கள் சிலர் மதியத்துக்கு மேல் காணாமல் போவது வழக்கமாகியிருந்தது. "எல்லாருக்கும் சேர்த்து ஒரு மோட்டிவேஷன் ஸ்பீச் போட்டுடலாமே" என்பதுதான் அவர் கேட்டது. பேச்சு வேண்டாம், முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்றோம். பேச்சைக் கேட்டு இரண்டு நாள் உற்சாகமாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் பழையபடி ஆவதைப் பல பள்ளிகளில் பார்த்தாயிற்று.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் தனித்தனி ஆய்வாகப் பிரிக்காமல், ஒரே நேரத்தில் இரு தரப்பையும் அளப்பது என்று முதலிலேயே தீர்மானித்தோம். பணி மனநிறைவு ஒருவரின் மொத்த வாழ்க்கை மனநிறைவோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதற்கு உளவியலில் மூன்று விளக்கங்கள் நெடுங்காலமாக உண்டு. வேலையில் உள்ள மனநிலை வீட்டுக்கும் வழிந்து போகும் என்பது ஒன்று. வேலையில் கிடைக்காததை வெளியில் தேடி ஈடுகட்டிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று. வேலை வேறு, வீடு வேறு, இரண்டும் கலப்பதில்லை என்பது மூன்றாவது. 1989-இல் டெய்ட், பேட்ஜெட், பால்ட்வின் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணி மனநிறைவுக்கும் வாழ்க்கை மனநிறைவுக்கும் இடையிலான ஒட்டுறவு, அளவீட்டுப் பிழையைச் சரிசெய்த பிறகு, 0.44 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல. ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை என்னும் அளவுக்கு நெருக்கமும் இல்லை. ஆக, இரண்டையும் கேட்டாக வேண்டும்.

எதை வைத்து அளந்தோம்

ஆசிரியர்களுக்கு இரண்டு படிவங்கள். ஒன்று, பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட பணி மனநிறைவு அளவை. 36 கூற்றுகள். சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சலுகைகள், பாராட்டு, நடைமுறை விதிகள், சக ஊழியர், வேலையின் தன்மை, தகவல் தொடர்பு என 9 கூறுகளைத் தனித்தனியே காட்டும். மனித சேவைத் துறைகளில் வேலை பார்ப்பவர்களுக்காக உருவானது என்பதால் பள்ளிக்குப் பொருந்தும். இன்னொன்று, எட் டீனரும் சக ஆய்வாளர்களும் அதே 1985-இல் வெளியிட்ட வாழ்க்கை மனநிறைவு அளவை. 5 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மொத்தம் 5-க்கும் 35-க்கும் இடையில் வரும், 20 என்பது நடுப்புள்ளி.

மாணவர்களுக்கு ஸ்காட் ஹ்யூப்னர் 1994-இல் தந்த பலகூறு வாழ்க்கை மனநிறைவு அளவை. குடும்பம், நண்பர்கள், பள்ளி, வசிப்பிடம், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகிய 5 களங்களில் 40 கூற்றுகள். 'வாழ்க்கை எப்படிப் போகிறது' என்ற ஒரே கேள்விக்குப் பதினேழு வயதுப் பிள்ளை 'நல்லாத்தான் போகுது' என்று எழுதிவிட்டுப் போகும். களம் களமாகக் கேட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். படிவத்தின் கடைசியில் விருப்பமிருந்தால் நிரப்ப நான்கு வரி இடம் விட்டிருந்தோம்.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோர் சம்மதக் கடிதம், பிள்ளைகளின் சொந்தச் சம்மதம் எல்லாம் வாங்கினோம். இதிலேயே கணிசமான நேரம் போனது.

முதல் கட்டுப் படிவங்கள்

படிவங்களை ஆசிரியர்களிடம் நேரில் கொடுப்பதாக இருந்தது. அதற்குள் தலைமையாசிரியர், வேலை சுலபமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில், ஆசிரியர் கூட்டத்திலேயே படிகளைக் கொடுத்து, "சாயந்தரத்துக்குள்ள எல்லாரும் என் டேபிள்ல வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். மாலையில் கட்டாக எங்களிடம் வந்து சேர்ந்தன.

பிரித்துப் பார்த்தால் அந்தப் பள்ளியில் குறையே இல்லை. மேலதிகாரி தொடர்பான கூற்றுகளுக்கு ஏறக்குறைய எல்லோரும் உச்ச மதிப்பெண் போட்டிருந்தார்கள். இந்த அளவையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கூற்றுகளில் ஏறக்குறைய பாதி நேர்மறையாகவும் மீதி எதிர்மறையாகவும் இருக்கும். 'என் மேலதிகாரியை எனக்குப் பிடிக்கும்' என்ற போக்கில் ஒன்று வந்தால், 'அவர் என்னிடம் நியாயமாக நடப்பதில்லை' என்ற போக்கில் வேறொன்று வரும். படிக்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் இரண்டுக்கும் 'ஆம்' என்று விழுந்து மாட்டிக்கொள்ளும். அந்தக் கட்டில் அப்படிப் பல படிவங்கள் இருந்தன.

அந்தக் கட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆசிரியர்கள் பொய் சொன்னார்கள் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. உங்கள் மேலதிகாரியைப் பற்றிய படிவத்தை அவர் மேசையிலேயே வையுங்கள் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிரப்புவார்கள். பள்ளிகளில் 'ஆசிரியர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்' என்று முடியும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது, அந்தப் படிவங்கள் யார் கை வழியாகத் திரும்பின என்று ஒரு வரி இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் தேடுவோம். பெரும்பாலும் இருக்காது.

தலைமையாசிரியரிடம் விளக்கினோம். கொஞ்சம் முகம் மாறியது. பிறகு "சரி, நீங்களே வாங்கிக்கோங்க" என்றார். இரண்டாம் முறை உறையோடு படிவம் கொடுத்து, பூட்டிய பெட்டி ஒன்றை ஆசிரியர் அறையில் வைத்து, சாவியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெயர், பாடம், வயது எதுவும் கேட்கவில்லை. நிரந்தரமா தற்காலிகமா என்பது மட்டும். நிரப்ப விருப்பமில்லாதவர்கள் வெற்றுப் படிவத்தையே உறையில் ஒட்டிப் போடலாம் என்றோம். சிலர் அப்படித்தான் போட்டார்கள்.

ஆசிரியர் அறையில் தெரிந்தது

இரண்டாம் கட்டு வேறு கதை சொன்னது. நிரந்தர ஆசிரியர்களுக்குச் சம்பளத்தில் பெரிய குறையில்லை. வேலையின் தன்மை, அதாவது பாடம் நடத்துவது, அவர்களுக்குப் பிடித்திருந்தது. மதிப்பெண் தரைதட்டியது நடைமுறை விதிகள் என்ற கூறில். அளவையில் தாள் வேலை அதிகம் என்று ஒரு கூற்று உண்டு. அதில் ஏறக்குறைய ஒருமித்த கருத்து.

பின்பு தனித்தனியே பேசியபோது அந்தத் தாள் வேலை எது என்று புரிந்தது. எமிஸ் என்ற கல்வித் துறையின் தகவல் பதிவுச் செயலியில் வருகை, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம், மாணவர் ஆதார், வங்கிக் கணக்கு, உதவித்தொகை, பயிற்சி விவரம் என்று தொடரும் பதிவுகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேற்றும் வேலை அந்தப் பிரிவில் மாட்டாது, ஏனென்றால் அது பள்ளிக்குள்ளேயே, பள்ளியின் பெயரிலேயே நடக்கிறது. "கிளாஸ்ல பாதில எந்திரிச்சு சர்வர் வருதான்னு பாத்துட்டு வர்றேன்" என்றார் ஒரு பட்டதாரி ஆசிரியை. 'மிக அவசரம்' என்ற தலைப்போடு வாட்ஸாப் குழுவில் இரவு வரும் செய்திகளைப் பற்றிக் குறை சொல்லாதவர் இல்லை.

தற்காலிக ஆசிரியர்களின் படம் தலைகீழ். சம்பளத்தில் அடிமட்டம். 2022-இல் அரசு இப்பணிக்கான தொகுப்பூதியத்தை இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய் என்று உயர்த்தியிருந்தது. பக்கத்து மேசையில் இருக்கும் நிரந்தர ஆசிரியர் அதே பாடத்தை நடத்திப் பல மடங்கு வாங்கும்போது உயர்வு பெரிதாகப் படவில்லை. ஆனால் வேலையின் தன்மை என்ற கூறில் பள்ளியிலேயே உயர்ந்த மதிப்பெண்கள் இவர்களுடையவை. பாடம் நடத்துவதில் அத்தனை ஆசை.

இரு பிரிவினரின் பேச்சிலும் கேட்காமலே வந்து விழுந்தது மாலைச் சிறப்பு வகுப்பு. பள்ளி 4.15-க்கு முடியும். 10, 12 வகுப்புகளுக்கு 5.45 வரை தினமும் சிறப்பு வகுப்பு. பெற்றோர் ஆசிரியர் கழகம் சுண்டல் கொடுக்கும். முறைப்படி எல்லா ஆசிரியர்களுக்கும் சுழற்சி. நடைமுறையில், மறுக்க முடியாத நிலையில் இருந்த தற்காலிக ஆசிரியர்கள் தலையிலேயே பாதிக்கு மேல் விழுந்திருந்தது. நிரந்தர ஆசிரியர்களில் பெண்களுக்கு வேறு கணக்கு: அந்த ஒன்றரை மணி நேரத்தால் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது, மாமியாரிடம் எத்தனை நாள் சொல்வது. மருத்துவ விடுப்பில் போன ஒருவர் திரும்பி வந்தபின் எங்களிடம் சொன்னது: "எனக்கு வகுப்பு கஷ்டமில்ல சார். 4.15 மணியடிச்சதும் கிளம்பறவங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் கஷ்டம்."

தலைமையாசிரியரின் பக்கமும் இருக்கிறது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சிச் சதவீதத்தை வரிசைப்படுத்தித் திரையில் போடுவார்கள். கீழே இருக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். "சாயந்தரம் கிளாஸ் வைக்கலையான்னு முதல் கேள்வியே வரும். என்னோட மனநிறைவை யாரு அளக்கறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்வி. அவர் ஒருவர்தான் அந்தப் பதவியில் இருப்பவர் என்பதால் படிவம் கொடுத்தால் பெயர் மறையாது. பேட்டியோடு நிறுத்திக்கொண்டோம்.

பிள்ளைகள் பக்கம்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களின் படிவங்களில் நண்பர்கள் களம் மேலே, குடும்பம் அதற்கு அடுத்து, பள்ளி கீழே. பதின்பருவத்தில் இந்த வரிசை அதிசயமில்லை. எங்களை நிறுத்தியது பள்ளிக் களத்துக்குள் இருந்த பிளவு. பிளஸ் டூவில் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள், அதிலும் பெண்கள், ஊர்ப் பிள்ளைகளைவிடத் தெளிவாகக் கீழே இருந்தார்கள். பிளஸ் ஒன்னில் படிக்கும் பஸ் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி அவ்வளவாக இல்லை. பிளஸ் ஒன்னுக்கு மாலை வகுப்பு கிடையாது.

காரணம் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-லிருந்து இருக்கிறது. அந்த வழித்தடத்தில் 4.40-க்கு ஒரு டவுன் பஸ், அடுத்தது ஏழு மணியை ஒட்டி. 5.45-க்கு வகுப்பு முடிந்தால் மினி பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, இரண்டுக்கும் காசு. இல்லையென்றால் இருட்டும்வரை பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பு, அதைப் பற்றி வீட்டில் கேள்வி. இரண்டு பெண்கள் படிப்பை நிறுத்தும் பேச்சு வரைக்கும் வீட்டில் போயிருந்தது. மதியத்துக்கு மேல் காணாமல் போகிறவர்கள் என்று பட்டியலில் இருந்தவர்களில் பலர், மாலை வகுப்பு வருகைப் பதிவில் சிக்காமலிருக்கக் கடைசிப் பாடவேளைக்கு முன்பே நழுவியவர்கள். பையன்களில் சிலர் பந்தல் வேலைக்கும் கேட்டரிங் சர்வீஸுக்கும் போனார்கள். அதுவும் மாலையில்தான்.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்தே அளந்ததன் பலன் இங்கே தெரிந்தது. ஆசிரியர் படிவத்தை மட்டும் பார்த்திருந்தால் 'பணிச்சுமை' என்று எழுதியிருப்போம். மாணவர் படிவத்தை மட்டும் பார்த்திருந்தால் 'பள்ளி மீது ஈடுபாடு குறைவு' என்று எழுதியிருப்போம். இரண்டும் 4.15-க்கும் 5.45-க்கும் நடுவில் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன.

இன்னொரு பிரிவும் இருந்தது. 'மெல்லக் கற்போர்' என்று பிரிக்கப்பட்டுத் தனி அறையில் குறைந்தபட்சக் கற்றல் கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர்கள். இவர்களுக்கு நண்பர்கள் களம் நன்றாகவே இருந்தது. கீழே போனது தன்னைப் பற்றிய எண்ணம். குழு உரையாடலில் ஒரு பையன், தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "நான் எம்.கே. பேட்ச் சார்" என்று அறிமுகம் செய்துகொண்டான்.

பெயரில்லாத ஒரு வரி

மாணவர் படிவங்களில் ஒன்றின் கடைசியில், விருப்பமிருந்தால் எழுதலாம் என்று விட்டிருந்த இடத்தில், தான் இருந்தென்ன இல்லாமல் போனாலென்ன என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வாசகத்தை அப்படியே இங்கே தரவில்லை.

இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். இருந்தாலும் அது கையில் வரும்போது தெளிவாக இருப்பதில்லை. செய்தியைத் தலைமையாசிரியரிடம் சொன்னதும் அவர் சொன்னது, "வகுப்பாசிரியரைக் கூப்பிடுங்க, கையெழுத்தைப் பாத்தா கண்டுபிடிச்சிடலாம்." ஆள் ஆபத்தில் இருக்கும்போது ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவர் வாதம். எங்கள் குழுவிலும் ஒருவர் அதே பக்கம் நின்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல.

மறுபக்கம் இது: பெயர் வெளியே வராது என்று சொல்லி எழுத வைத்தோம். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்தால், அன்று மதியத்துக்குள் அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளி முழுக்கத் தெரியும். கண்டுபிடித்தது தவறான ஆளாகவும் இருக்கலாம். அதோடு, இனி அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையும் இப்படி ஒரு வரி எழுதாது. உடனடித் திட்டம், நாள், வழி என்று எதுவும் அந்த வரியில் இல்லை. இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும், ரகசியத்தை உடைத்திருப்போம். அதையும் சம்மதப் படிவத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

எடுத்த முடிவு: படிவத்தை யாருக்கும் காட்டவில்லை. மறுநாள் காலையிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூவின் எல்லாப் பிரிவுகளுக்கும் தனித்தனியே போய்ப் பேசினோம். இப்படி எண்ணம் வருவது பலருக்கும் நேர்வது, அதைச் சொல்வது பலவீனமல்ல, இன்று யாரிடம் சொல்லலாம் என்று நேரடியாகச் சொன்னோம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநில உதவி எண் 104 இரண்டையும் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விடச் சொன்னோம். எங்கள் குழுவில் ஆலோசனைப் பயிற்சி பெற்றவர் அந்த வாரம் முழுவதும் நூலக அறையில் இருந்தார். நூலகத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கே போவதைப் பார்த்து யாரும் ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆசிரியர்களிடம் சம்பவத்தைச் சொல்லாமல், எதையெல்லாம் கவனிக்க வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னோம்.

அந்த வாரத்தில் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு மாணவியைப் பெற்றோரின் சம்மதத்தோடு மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். அந்த வரியை எழுதியவர் வந்தவர்களில் ஒருவரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வந்தவர்களிடம் கேட்கவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு தலைமையாசிரியர், ஆசிரியர் பிரதிநிதிகள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆகியோருடன் உட்கார்ந்தோம். மாலை வகுப்பை நிறுத்திவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது, சதவீதத்துக்குப் பதில் சொல்லப்போவது நாங்களல்ல. யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்பதில் ஆசிரியருக்குத் துளியும் அதிகாரமில்லை என்பதுதான் எங்கள் கண்ணில் பட்ட கோளாறு. ராபர்ட் கராசெக் 1979-இல் வைத்த கருத்து இங்கே பொருந்தியது: வேலையின் நெருக்கடி மட்டும் ஆளை அழுத்துவதில்லை. நெருக்கடி அதிகமாக இருந்து, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் இடம் குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. சுமையை நம்மால் குறைக்க முடியாவிட்டாலும் தீர்மானிக்கும் இடத்தைக் கூட்டலாம்.

வழி சொன்னது ஒரு பிளஸ் டூ மாணவி. கிராமத்துப் பிள்ளைகளின் காலை பஸ் 8.15-க்கே வந்துவிடும், பள்ளி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம். "காலைல சும்மாதானே மிஸ் உக்காந்திருக்கோம், அப்ப வையுங்களேன்" என்றாள். அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்ததில் யாருக்கும் தோன்றாதது. ஏனென்றால் சிறப்பு வகுப்பு என்றாலே மாலை என்று எல்லோர் தலையிலும் பதிந்திருந்தது.

முடிவானவை: பஸ் பிள்ளைகளுக்குக் காலை 8.30 முதல் 9.15 வரை, ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் வாரம் மூன்று நாள். காலையா மாலையா என்பதை ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஒருவருக்கு விழும் வகுப்புகளின் எண்ணிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், தற்காலிக ஆசிரியருக்கு மற்றவர்களைவிட அதிகம் போகக் கூடாது. இந்தக் கடைசி விதிக்கு எதிர்ப்பு வந்தது ஆசிரியர்களிடமிருந்தேதான். மேலிருந்து வந்ததல்ல. கொஞ்சம் கசப்பான கூட்டம் அது. எமிஸ் பதிவுக்கு வகுப்புவாரியாகச் சுழற்சியும், அதற்கென ஒரு பாடவேளையும் ஒதுக்கினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் குழுவில் செய்தி போடுவதில்லை என்று தலைமையாசிரியர் தானாகவே சொன்னார்.

மெல்லக் கற்போர் அறையைக் கலைத்து, பாடவாரியாக மட்டும் பிரிக்கலாம் என்ற எங்கள் யோசனையை ஏற்கவில்லை. தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது அந்தச் சோதனை வேண்டாம் என்றார்கள்.

பின்னர் நடந்தது

காலை வகுப்பு ஒரு வாரத்தில் நிலைத்துவிட்டது. மதியம் நழுவுவது குறைந்தது. படிப்பை நிறுத்தும் பேச்சு நடந்த இரண்டு பெண்களும் தேர்வு எழுதினார்கள்.

பிப்ரவரியில், திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவே, அதே படிவங்களை மறுபடி கொடுத்தோம். பஸ் பிள்ளைகளின் பள்ளிக் களம் உயர்ந்து ஊர்ப் பிள்ளைகளை நெருங்கியிருந்தது. மெல்லக் கற்போரின் தன்னைப் பற்றிய எண்ணம் அசையவில்லை. அவர்கள் விஷயத்தில் எதையும் மாற்றவில்லையே, எப்படி அசையும்?

ஆசிரியர்களிடம் மாற்றம் வந்தது நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. நடைமுறை விதிகள் என்ற கூறு ஏறக்குறைய அப்படியே இருந்தது. சுழற்சி ஒரு மாதம் ஓடி, பிறகு கணினி நன்றாகத் தெரிந்த இருவரிடமே திரும்பிப் போய்விட்டது. மேலிருந்து வரும் இரவுச் செய்திகளும் நிற்கவில்லை. உயர்ந்தது மேலதிகாரி, சக ஊழியர் ஆகிய இரு கூறுகள். பலகையில் எண்ணிக்கை ஒட்டியதும், எட்டு மணிக்கு மேல் தலைமையாசிரியரிடமிருந்து செய்தி வராததும் சிறிய காரியங்கள்தான், ஆனால் பேட்டியில் பலரும் குறிப்பிட்டது அவற்றைத்தான். ஆசிரியர்களின் வாழ்க்கை மனநிறைவு மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றமில்லை. சில மாதப் பணி மாற்றம் வீட்டுக் கடனையும் பிள்ளையின் கல்யாணத்தையும் உடல்நலத்தையும் உள்ளடக்கிய ஒன்றை நகர்த்திவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அப்படி நகர்ந்திருந்தால் அளவையைத்தான் சந்தேகப்பட்டிருப்போம்.

ஜனவரியில் தற்காலிக இயற்பியல் ஆசிரியர் ஒருவர் விலகி நீட் பயிற்சி மையம் ஒன்றுக்குப் போனார். பாடம் நடத்துவதில் ஆசை அதிகம் என்று நாங்கள் குறித்துவைத்த பிரிவைச் சேர்ந்தவர். "இங்க பசங்க நல்லா கேக்கறாங்க சார், ஆனா எனக்கும் கல்யாணம் ஆகணும்ல" என்றார். வேலையைப் பிடித்திருப்பதும் வேலையில் தங்குவதும் வேறு வேறு என்று பாடப்புத்தகத்தில் படிப்பதுதான். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பாடத்துக்கு ஆளில்லாமல் போனதும்தான் அந்தப் பள்ளிக்கு அது உறைத்தது.

தேர்ச்சிச் சதவீதம் விழவில்லை. உயர்ந்ததா என்றால், முந்தைய ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்துக்குள்தான் இருந்தது. பணி மனநிறைவுக்கும் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவைத் தொகுத்த ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் 2001-இல் கண்டது 0.30 அளவுதான். அதை வைத்து 'ஆசிரியர் மகிழ்ந்தால் சென்டம் கூடும்' என்று எந்தத் தலைமையாசிரியருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

ஜூனுக்குள் தலைமையாசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதியவர் காலை வகுப்பை வைத்துக்கொண்டார், பெற்றோர் விரும்பினார்கள் என்பதால். பலகையில் ஒட்டுவது நின்றுபோனது. அரையாண்டுக்குப் பிறகு மாலை வகுப்பு எல்லோருக்குமாக மீண்டும் வந்தது என்று ஒரு ஆசிரியை போனில் சொன்னார்.

மறுபடி செய்தால்

முதல் அளவீடு அக்டோபரை ஒட்டி, இரண்டாவது பிப்ரவரியில். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க எல்லாப் பள்ளியிலும் மனநிலை மாறும். கண்ட மாற்றத்தில் தேர்வுக் காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, அதே வட்டாரத்தில் எதையும் மாற்றாத இன்னொரு பள்ளியிலும் அதே மாதங்களில் அளந்திருக்க வேண்டும். ஜூலையிலேயே தொடங்கியிருந்தால், மெல்லக் கற்போர் அறையைக் கலைக்கும் யோசனைக்கும் 'தேர்வு நேரம்' என்ற பதில் வந்திருக்காது.

பெயர் கேட்காததால் முதல் படிவத்தையும் இரண்டாம் படிவத்தையும் ஒரே ஆளுக்குப் பொருத்திப் பார்க்க முடியவில்லை, பிரிவுவாரியாகத்தான் ஒப்பிட முடிந்தது. தாயின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள் இவை போன்றவற்றை வைத்து அவரவரே ஒரு குறியீடு உருவாக்கிக்கொள்ளும் முறை இருக்கிறது. மாணவர்களிடம் அது வேலை செய்யும். முப்பது பேர் கொண்ட ஆசிரியர் அறையில் பிறந்த நாள் ஒருவருக்கொருவர் தெரியும், கேக் வெட்டுகிறார்கள். அங்கே அதைப் பயன்படுத்த மாட்டோம்.

மாணவர்களுக்கான திறந்த கேள்வியை வைத்துக்கொள்வோம். ஆனால் படிவம் கொடுக்கும் நாளிலேயே ஆலோசகர் பள்ளியில் இருப்பார், அன்றே எல்லா உறைகளும் பிரிக்கப்படும். இந்த முறை அந்த வரியை நாங்கள் படித்தது எழுதப்பட்ட மறுநாள். புதிய பள்ளி ஒன்றோடு இப்போது பேச்சு நடக்கிறது. படிவம் அவர்கள் மேசை வழியாக வராது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே முதல் நிபந்தனையாக எழுதியிருக்கிறோம்.